ஓசித் துணி

ஜனவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். முழங்கால் வலி மட்டும் என்னைப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்த பிறகு விரல்களை முழுதாக மடக்க முடிகிறதா?

நீ தைத்து அனுப்பிய ஒட்டுத்துணிச் சதுரம் வந்து சேர்ந்தது. ஏணியிலிருந்து விழுந்து உடைந்த கைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்றுதான் ஊசியும் நூலும் அனுப்பினேன். நாலு நாளில் தூக்கிப் போட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீயோ ஒன்பது துண்டுகளைச் சேர்த்து ஒரு சதுரமே தைத்துவிட்டாய். தையல் கோணல்தான். ஆனால் ஒரே சீராகக் கோணியிருக்கிறது, அதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் எல்லோருக்கும் காட்டினேன். தைத்தவனுக்கு எருமைக் கழுத்து என்று சொன்னேன், ஒருத்தியும் நம்பவில்லை.

துணி வாங்கிய விலையைப் படித்ததும்தான் தலை சுற்றியது. அரை மீட்டருக்கு அவ்வளவா? போர்வை தைப்பதற்கென்றே தனித் துணி என்று கண்ணாடி அலமாரியில் அடுக்கி விற்பார்கள், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே. பிட் துணியை எடைக்கு விற்கிற இடம் உன் பக்கத்திலும் இருக்கும், விசாரி. பழைய சட்டை கிடைத்தால் முதுகுப் பக்கத்தை வெட்டிக்கொள், அதுதான் தேயாமல் இருக்கும். அடித்துணிக்குப் பழைய படுக்கை விரிப்பு. நடுவில் வைக்கப் பஞ்சு விரிப்பு வாங்காதே, நைந்த கம்பளி போதும். நூலில் மட்டும் மிச்சம் பிடிக்காதே. மட்ட நூல் என்றால் மூன்றாவது சலவையில் போர்வை வாயைப் பிளந்துவிடும்.

என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் ஊசிதான் எனக்குத் துணை. இப்போது இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து பெரிய போர்வை ஒன்று தைக்கலாமா? பாதிச் சதுரங்கள் நீ, பாதி நான்.

யாராவது பிடித்துக்கொள்ளாமல் ஏணியில் ஏறாதே.

உன் நலம் நினைக்கும்,
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை ஊருக்குத்தான் வைத்தியமா?

பெரிய போர்வை யோசனை எனக்குச் சம்மதம். எடைக்கு விற்கிற இடத்தையும் கண்டுபிடித்தேன். உள்ளே போனதும் இருபது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் ஓடிவந்து, “சார், மாசப் பணம் போன வாரமே குடுத்தாச்சே” என்றார். பூப்போட்ட துணி வேண்டும் என்றேன். அவருக்கு அது புரிய வெகுநேரம் ஆயிற்று.

ஆனால் இனி அங்கேயும் போக வேண்டாம் அக்கா. என் வேலைதான் உனக்குத் தெரியுமே. முதலாளி பழைய கட்டிடங்களை வாங்கி இடித்துக் கட்டுகிறார். இருப்பவர்கள் போனதும் வீட்டைக் காலி செய்து கொடுப்பது நாங்கள். எத்தனையோ விட்டுவிட்டுப் போகிறார்கள். ஜன்னல் திரை, படுக்கை விரிப்பு, மேஜைத் துணி, சட்டை. இத்தனை நாளும் எல்லாவற்றையும் குப்பை லாரியில் ஏற்றினோமே என்று இப்போது வயிறு எரிகிறது. முதல் மூட்டை இத்துடன் வருகிறது. கூட வேலை செய்யும் கட்டையன் அதைக் கட்டி பஸ்ஸில் போட்டுவிட்டான். “உங்க அக்காவுக்கு ஓசித் துணி யோகம்டா” என்று சிரித்தான்.

மணிக்கட்டு சரியாகிவிட்டது. இடது முழங்கையில் மட்டும் தோல் கொஞ்சம் உரிந்திருக்கிறது. போன வாரம் ஒரு வீட்டில் ஒரு பொம்பளை கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை. தைக்கிற கை தப்பியது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். முழங்கை எப்படி இருக்கிறது? கொப்புளத்தை உடைக்காதே. ஆஸ்பத்திரிக் களிம்பு ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறேன், சதுரங்களோடு வருகிறது.

மூட்டையைப் பிரித்து ஞாயிற்றுக்கிழமை முழுதும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிடக்கூடத் தோன்றவில்லை. வெளுத்ததை ஒரு பக்கம், கெட்டியை ஒரு பக்கம் என்று பிரித்தேன். கடையில் வாங்கினால் என் இரண்டு மாதச் சம்பளம் போயிருக்கும். எழுபது சதுரத்துக்குத் துணி தேறிவிட்டது. கரைக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. நல்ல கரும்பச்சையாக, கெட்டிப் பருத்தியாக வேண்டும். கடையில் விலை கேட்டுவிட்டுத் துணியைத் தொடாமல் திரும்பி வந்தேன். உன் கண்ணில் எங்காவது பட்டால் எனக்கு ஒதுக்கி வை.

ஒன்று கேட்க வேண்டும். விட்டுவிட்டுப் போன வீட்டில் கொதிக்கிற தண்ணீரோடு ஒரு பெண் எப்படி இருந்தாள்? சாமான் தூக்க வருகிறவர்கள் மேல் அவள் ஏன் ஊற்ற வேண்டும்?

இரண்டு திரைகளில் கொக்கி அப்படியே இருந்தது. ஒன்றில் சுவர்க்காரை ஒட்டியிருந்தது. கழுவிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். களிம்பு நன்றாக வேலை செய்கிறது. உன் சதுரங்களைப் பார்த்தால் என்னுடையதை ஒளித்துவைக்கத் தோன்றுகிறது. பதினொன்று முடித்துவிட்டேன். ஊசிதான் அடிக்கடி முறிகிறது. என் விரல் தடிமனா, ஊசி மட்டமா என்று எழுது.

வேலை அதிகம். போகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர்களே போகாமல் உட்கார்ந்துகொள்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது? தண்ணீரை நிறுத்துகிறோம். கரண்டை நிறுத்துகிறோம். மாடிப்படிக் கைப்பிடியை அறுத்து எடுத்துவிடுகிறோம். அப்படியும் சிலர் அசைவதில்லை. போன வாரம் ஒரு ஆள் நாயை ஏவிவிட்டான். கட்டையன் தொடையில் வாயை வைத்துவிட்டது. கட்டையன் கையில் சுத்தியல் இருந்தது. இரண்டே அடி. அதற்குப் பிறகு அந்த ஆள் தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். வீட்டில் வேறு யாரும் ஒரு சத்தம் போடவில்லை.

கதவை உடைப்பதில் நான் இப்போது கைதேர்ந்தவன். தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் கீழே உதைத்தால் போதும், தோள் கொடுக்கவே வேண்டாம். இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இரண்டாவது மூட்டை வருகிறது. அதில் ஒரு தலையணை உறையில் கொஞ்சம் ரத்தம் இருக்கிறது. என் மூக்கில் லேசாக அடிபட்டது. பருத்தியில் ரத்தம் போக என்ன செய்ய வேண்டும்? நல்ல துணி, வீணாக்க மனம் வரவில்லை. நீ கேட்ட பச்சைத் துணியையும் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 5

தம்பிக்கு,

நான் சுகம். உன் மூக்கு?

பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, பின்பக்கமிருந்து கசக்க வேண்டும். வெந்நீர் படவே கூடாது, பட்டால் கறை வேகும், பிறகு ஜென்மத்துக்கும் போகாது. பத்தொன்பது வருடமாக நான் ரத்தத்தைத்தான் துவைக்கிறேன். பிரசவ ரத்தம், வெட்டுக்காய ரத்தம், இருமித் துப்பிய ரத்தம் எல்லாம் வேறு வேறு விதமாகத் துணியில் காயும். மூக்கிலிருந்து வந்தால் சொட்டுச் சொட்டாக விழும். இந்த உறையில் சொட்டு இல்லை. வாயை வைத்து அழுத்திய தடம் இருக்கிறது. சின்ன வாய். அந்த வீட்டுத் தலையணையில் நீயா முகம் புதைத்துப் படுத்திருந்தாய்?

மூட்டையில் ஒரு பள்ளிச் சீருடையும் இருந்தது. பையில் மடித்த கைக்குட்டையும் பாதி பென்சிலும் இருந்தன. பிள்ளையின் சீருடையை யாரும் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

நீ என்ன வேலை செய்கிறாய்? சுற்றி வளைக்காமல் எழுது. ஊசி பற்றி அப்புறம் பேசலாம்.

அக்கா


ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

நீ நலமா? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் அறைக்குக் கீழே உள்ள கடைக்குப் போன் போட்டேன். பத்து நாளாக ஆளைக் காணோம், அறை பூட்டியிருக்கிறது என்றார்கள். கோபமா? அக்கா கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேனா?

கடிதம் இல்லாமல் ஒரு மூட்டை மட்டும் போன வாரம் வந்தது. மேலேயே கரும்பச்சைத் திரை ஒன்று இருந்தது. நான் கேட்ட அதே பச்சை, அதே கெட்டி. ஒரு நொடி உன் மேல் இருந்த வருத்தமெல்லாம் போய்விட்டது. தம்பி மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே விரித்தேன்.

நடுவில் பலகை போல விறைத்திருந்தது. பச்சையில் ரத்தம் கறுப்பாகத் தெரியும், தொட்டால்தான் புலப்படும். இரண்டு முழம் அகலம். மடிப்பு மடிப்பாக ஊறியிருக்கிறது. ஒருவர் தலைக்கடியில் வெகுநேரம் இருந்த துணி இது. தலையில் அடிபட்டால்தான் இவ்வளவு வரும். அதில் நரைமுடி ஒட்டியிருக்கிறது.

நான் அதைத் துவைக்கவில்லை. மடித்து மேலே வைத்திருக்கிறேன். சாயங்காலத்தில் ஊசியை எடுக்கவே முடியவில்லை.

உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது. அது போதும்.

உன் அக்கா


மே 2

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன்னை நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இரு என்று முதலாளி வேறு ஊருக்கு அனுப்பியிருந்தார். நேற்றுத்தான் திரும்பினேன். உன் மார்ச் கடிதத்துக்குப் பதில் எழுதத் துணிவில்லாமல் இருந்தேன், அடுத்தது கதவுக்கடியில் கிடந்தது.

மார்ச் கடைசியில் ஒரு மூன்று மாடிக் கட்டிடம். எல்லோரும் போய்விட்டார்கள். மூன்றாவது மாடியில் ஒரு வாட்ச் ரிப்பேர்காரரும் அவர் மனைவியும் மட்டும் இருந்தார்கள். மனைவி எங்கோ வெளியே போயிருந்தார். நானும் கட்டையனும் போனோம். அவர் தகராறு செய்தார். ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். நான் இழுத்தேன். இழுபறியில் வாசலுக்கு வந்துவிட்டோம். என் கை பட்டது. படியில் கைப்பிடி இல்லை. விழுந்தார்.

ஒரு மாடி உயரம். படியின் விளிம்பில் பின்னந்தலை. நான் ஓடி இறங்கியபோது ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. குதிகால் கல்லில் தட்டிக்கொண்டே இருந்தது, யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. அவர் கையில் அந்தத் திரை இருந்தது. அதையே சுருட்டித் தலைக்கடியில் வைத்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில்தான் இருந்தேன். கட்டையன் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தத் துணி அங்கே கிடக்கக் கூடாது என்று அவன்தான் மற்றதோடு கட்டி உனக்குப் போட்டுவிட்டிருக்கிறான். எனக்குத் தெரியாது.

பேச்சு திரும்பாமலே ஐந்தாம் நாள் அவர் இறந்துவிட்டார். “அவனே தடுக்கி விழுந்தான். நீ அன்னிக்கு அங்க இல்லவே இல்ல” என்று முதலாளி சொல்லிக்கொடுத்தார். போலீஸும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறது.

அந்தத் திரையை எரித்துவிடு. இனி துணி அனுப்பமாட்டேன்.

தம்பி


மே 9

என் தம்பிக்கு,

நலம் விசாரிக்க எனக்கும் முகமில்லை. ஆறு வருடமாகச் சொல்லாத ஒன்றை இன்று எழுதப் போகிறேன், முழுதும் படி.

என் வீட்டுக்காரர் என்னை அடித்தார் என்று நான் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நீயாக வந்து, என் வாயில் இரண்டு பல் இல்லாததைப் பார்த்தாய். அவர் உள்ளே வந்ததும் சுவரோடு சாத்தி அடித்தாய். தாடை உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. “போதும் போதும்” என்று அவர் கெஞ்சினார். நான் எழுந்து போனேன். உன்னைத் தடுக்கப் போகவில்லை. தெருவுக்குக் கேட்டுவிடுமே என்று ஜன்னலைச் சாத்தப் போனேன்.

அவர் சுருண்டு விழுந்த பிறகு நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நிறுத்தட்டுமா என்று கேட்ட பார்வை அது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகும் நீ மிதித்தாய். நாலு மிதி, எண்ணினேன். எலும்பு முறிகிற சத்தம் ஒவ்வொன்றும் எனக்கு இனித்தது தம்பி. அப்புறம் உனக்குச் சாப்பாடு போட்டு, உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். என் தம்பி கை வைத்தால் வைத்ததுதான் என்று ஊரெல்லாம் சொன்னேன். அந்தப் பேச்சைக் கேட்டுத்தானே உன் முதலாளி உன்னைக் கூப்பிட்டார்? உன் மணிக்கட்டும் ஏணியில் உடைந்ததல்ல என்று எனக்கு அன்றே தெரியும். கேட்காமல் இருப்பது வசதியாக இருந்தது. ஓசித் துணியும் வசதியாக இருந்தது.

திரையை எரிக்கமாட்டேன். அதை மறுபடி விரித்துப் பார்த்தேன். மொத்தம் பதினொரு வளையம். மூன்றில் நூல்கூட இழுபடவில்லை, யாரோ நிதானமாகக் கொக்கியிலிருந்து கழற்றியிருக்கிறார். மற்ற எட்டும் தையலோடு பிய்ந்திருக்கின்றன. தகராறு செய்கிறவர் அப்படிப் பொறுமையாகக் கழற்றிக்கொண்டிருக்கமாட்டார். நீ எனக்கு எழுதியது முழுசில்லை.

அதை எனக்குச் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டிய இடத்தில் போய்ச் சொல். இந்தத் தடவை நான் ஜன்னலைச் சாத்தமாட்டேன்.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்லப் பக்கத்துக் கட்டில்காரர் எழுதுகிறார். பஸ் டிரைவர், இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வாசலில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

உன் கடிதத்தை மூன்று வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகு முதலாளியிடம் போய், போலீஸில் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் எனக்கு டீ வரவழைத்தார். குடித்து முடிக்கும் முன்பே கட்டையனும் இன்னும் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு இரும்புக் கதவு இருக்கிறது. அதன் இடுக்கில் என் வலது கையை வைத்துச் சாத்தினார்கள். திறந்து, மறுபடி சாத்தினார்கள். நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்துவது மாதிரி இருந்தது. மூன்றாவது தடவைக்கு முன் கட்டையன் என் முகத்தைப் பார்த்து, “எம்மேல கோவப்படாதடா. என்னைப் பண்ணச் சொல்லியிருந்தா நீயும் இதைத்தானே பண்ணியிருப்ப?” என்றான். ஆமாம் என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

போட்டுவிட்டுப் போனதும் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்கள். முதலில் எழுதுங்கள் என்றேன். ரத்தம் மேஜையில் வழிய வழிய அந்த ஏட்டு காகிதத்தை நகர்த்தி நகர்த்தி வைத்து எழுதினார். வாட்ச்காரரை நெஞ்சில் குத்தித் தள்ளியது நான் என்று சொல்லிவிட்டேன். கை பட்டதல்ல. குத்தினேன். முதலாளி பெயரையும் சொன்னேன்.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மற்ற மூன்றும் இருக்கின்றன.

உன் தம்பி

(எழுதிக் கொடுப்பவன் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன் அம்மா. உங்கள் தம்பி சொல்ல ஆரம்பித்து நிறுத்திய இடம் ஒன்று உண்டு. மூன்று தடவை ஆரம்பித்தார். மூன்று தடவையும் வேண்டாம் விடுங்கள் என்றுவிட்டார். சோறு நன்றாகச் சாப்பிடுகிறார்.)


ஜூன் 29

அன்புத் தம்பிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். பஸ் பயணத்தில் முழங்கால் வீங்கிவிட்டது, வேறொன்றுமில்லை. பத்து நிமிஷம்தான் உன்னைப் பார்க்க விட்டார்கள். கேட்க நினைத்ததில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். காயத்தில் நீர் வைத்தால் மறைக்காமல் சொல்.

உன்னைப் பார்த்த பிறகு ஸ்டேஷனுக்குப் போய்த் திரையைக் கொடுத்தேன். அடையாளம் காட்ட வாட்ச்காரரின் மனைவியை வரவழைத்தார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். மேஜையில் விரித்ததும் கறையைப் பார்க்கவில்லை. ஓரத் தையலைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். “என்னோடதுதான்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க அவனுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். அக்கா என்றேன். பளாரென்று அறைந்துவிடுவார் என்று நினைத்தேன், அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “அவன் எங்க இருக்கான்?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

சதுரங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்ப் போலீஸில் கொடுக்கலாமா என்று கேட்டேன். வீட்டுக்காரர்கள் யார் என்று உன்னால் சொல்ல முடிந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்றார்கள். சீருடையை நான் வெட்டவில்லை. அது எந்த வீடு என்று மட்டுமாவது எழுது.

எதற்கும் கவலைப்படாதே என்று எழுத வரவில்லை. சாப்பிடு, தூங்கு.

உன் அக்கா


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? நான் இங்கே நலமாகத்தான் இருக்கிறேன். ஜெயிலுக்கு மாற்றி ஏழு வாரம் ஆகிறது. இடது கையால் எழுதப் பழகிவிட்டேன், இந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. முதலாளியையும் கட்டையனையும் பிடித்துவிட்டார்கள். கட்டையன் அடுத்த வரிசையில் இருக்கிறான். போன மாதம் குளிக்கிற இடத்தில் என்னைக் கீழே தள்ளி விலாவில் உதைத்தான். இரண்டு எலும்பில் விரிசல். இப்போது மூச்சு விட முடிகிறது. நான் திருப்பி அடிக்கவில்லை என்பதை இங்கே எல்லோரும் வேடிக்கையாகப் பேசுகிறார்கள்.

சீருடை எந்த வீடு என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. ஏட்டும் கேட்டார். பத்து வீட்டை யோசித்தேன், எதிலும் ஒரு பிள்ளையின் முகமும் எனக்கு ஞாபகமில்லை.

அந்த வாட்ச்காரரின் மனைவி என்னைப் பார்க்க வந்தார். முதல் வியாழக்கிழமை கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டார். போலீஸில் சொன்னதையே சொன்னேன். “அதெல்லாம் எனக்குத் தெரியும். அவரு என்ன சொன்னாரு?” என்றார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். எழுந்து போய்விட்டார். அடுத்த வியாழன் வந்து அதையே கேட்டார். அதற்கடுத்த வாரமும் வந்தார். நாலாவது வாரம் சொல்லிவிட்டேன். அவரிடம் சொன்ன பிறகு உன்னிடம் மறைப்பது சரியில்லை.

அவர் தகராறே செய்யவில்லை அக்கா. காலி செய்யச் சம்மதித்துவிட்டார். பெட்டிகளைக் கட்டி வாசலில் வைத்திருந்தார். நாங்கள் போனபோது ஸ்டூலில் ஏறித் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்று கொக்கி கழற்றியாயிற்று. அதை விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். “வேற எது வேணாலும் எடுத்துக்கோங்க தம்பி. இது என் வீட்டுக்காரி தச்சது. புது வீட்டு ஜன்னலுக்குச் சரியா இருக்கும்னு அளந்து வச்சிருக்கா” என்றார்.

முதலாளிக்கு அந்தத் துணி வேண்டியதில்லை. கட்டையனுக்கு வேண்டியதில்லை. வேலை முடிந்துவிட்டது, நான் திரும்பி இறங்கியிருக்கலாம். எனக்குத்தான் அது வேண்டியிருந்தது. ஸ்டூலை உதைத்தேன். திரையோடு கீழே விழுந்தார். எழுந்து அதை மார்போடு சுருட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பின்னாலேயே போய், கொடு என்று கேட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். குத்தினேன். எதற்கு அது வேண்டியிருந்தது என்று நீ கேட்காதே. எனக்கு ஆசை வந்தது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் அந்த அம்மா கையைக் கோத்துக்கொண்டு கேட்டார். நேரமாகிவிட்டது என்று காவலர் சொன்னதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “அடுத்த வாரம் வரேன். மறுபடி சொல்லணும், முதல்லேர்ந்து” என்றார்.

வாரா வாரம் வருகிறார். வாரா வாரம் முதலிலிருந்து சொல்கிறேன். ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் கையைத் தூக்கி நிறுத்துகிறார். போன வாரம், வாட்ச்காரர் “தம்பி” என்று என்னைக் கூப்பிட்டதைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். திரும்பப் போய்ச் சொல்லவைத்தார். வாட்ச்காரர் கடைசியாகப் பேசியது என்னிடம்தான். வேறு யாரிடம் போய் அந்த அம்மா கேட்பார்?

அடுத்த மாதம் லீவு கிடைத்தால் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். கட்டாயம் வா. ஒரு நாளைக்கு ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். அதனால் வியாழக்கிழமை மட்டும் வர வேண்டாம் அக்கா. அது அந்த அம்மாவின் நாள்.

உன் தம்பி